பெரட்டுக்கு வந்தவர்கள்

பேய்க்கதை சொல்லிப் பிழைத்தவள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தேன். மலாக்காவில் பழைய கோட்டை வாசலில் நின்றுகொண்டு தலையில்லாத சிப்பாய் ஒருவனைப் பற்றி நான் சொல்லும் கதையைக் கேட்டுச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சிப்பாய் ஒரு மழை நாளில், பஸ் வரத் தாமதமானபோது, பொழுது போகாமல் நான் உண்டாக்கியவன். கொஞ்ச நாளில் அவனுக்கு ஒரு காதலி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, சேர்த்துக்கொண்டேன். இப்போது மற்ற வழிகாட்டிகளும் அவனைச் சொல்கிறார்கள். ஆவிகள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்தவளுக்கு ஆவிகள் மேல் நம்பிக்கை எப்படி வரும்? எனக்கு வந்ததே இல்லை. இதைப் படித்துவிட்டு, இதையும் இவள் கட்டிவிட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் என் கதைகளை நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், மூன்று தடவையும் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கவேண்டி வந்தது.

என் பெயர் மகேஸ்வரி, மலேசியாவில் சிரம்பானில் இருக்கிறேன். பெருந்தொற்றுக்குப் பிறகு பெரிய பஸ்களில் கூட்டமாக வருவது குறைந்துபோனது. வருகிறவர்களும் கோட்டையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போக விரும்பவில்லை. அர்த்தமுள்ள பயணம் வேண்டும், அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். சரி, நம்மிடம் இல்லாததா என்று நான் ஆரம்பித்ததுதான் ‘தோட்டத்து விடியல்’. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு பழைய தோட்டம், பெயரைச் சொல்லமாட்டேன், இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரப்பரை அழித்து எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், ஆபீசையும் இடித்துவிட்டார்கள். ஆபீசுக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தரை மட்டும் வெடித்துப்போய்ப் புல் முளைத்துக் கிடந்தது. அதுதான் பெரட்டுக்களம்.

பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, வேலைக்குப் போகும் முன் ஆண்களும் பெண்களும் ஆபீஸ் முன்னால் வரிசையாக வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை, அவரைக் கிராணி என்பார்கள், அவர் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். இருப்பவர்கள் குரல் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு.

என்னோடு கூட்டாளியாக இருந்தவர் மாணிக்கண்ணன். அறுபத்தாறு வயது. அந்தத் தோட்டத்திலேயே நாற்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவர், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லுக்குட்டில் மலிவு விலை அடுக்குமாடியில் மனைவி கமலா அண்ணியோடு இருந்தார். பக்கத்தில் ஒரு சீனர் தன் சொந்த நிலத்தில் அழிக்காமல் விட்டிருந்த மூன்று வரிசைப் பால்மரத்தில் அவர் சீவிக் காட்டுவார், வந்தவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதற்கு முன்னால் பெரட்டு நான் நடத்துவேன்.

அதற்கு ஒரு புத்தகமும் இருந்தது. ஆபீசை இடித்தபோது குப்பையில் கிடந்ததை மாணிக்கண்ணன் எடுத்து வைத்திருந்தார். பழைய பெயர்ப் புத்தகம், செல்லரித்த அட்டை. கடைசியாக எழுதப்பட்டிருந்த பக்கம்தான் கையெழுத்துத் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத் தாள். நான் அந்தப் பக்கத்திலிருந்து பெயர்களை எடுத்து அட்டைகளில் எழுதி ஆளுக்கொன்று கொடுப்பேன். நாலு பேர் வந்தால் நாலு பெயர், பத்து பேர் வந்தால் பத்து. கூப்பிட்டதும் ‘இருக்கேன்யா’ என்று சொல்லி, இடது பக்கம் போய் வரிசையில் நிற்க வேண்டும். சிரிப்பும் கலாட்டாவுமாக இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை வருடம் இப்படி நடத்தினேன், ஒரு குறையும் இல்லை.

அந்த முறை வந்தவர்கள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. ராஜசேகர் சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வசந்தா அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் வெளிநாட்டில். வருடத்துக்கு இரண்டு முறை கிளம்பிவிடுவார்களாம், உலகப் பாரம்பரியச் சின்னம் என்று எங்கெங்கே பலகை வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம். பினாங்கு பார்த்துவிட்டு வந்தார்கள், என்னிடம் ஒரு காலை, பிறகு மலாக்கா. விடிவதற்கு முன்னால் சிரம்பான் ஹோட்டலிலிருந்து அவர்களை என் காரில் ஏற்றிக்கொண்டேன். ராத்திரி முழுக்க மழை, நாங்கள் கிளம்பும்போது விட்டிருந்தது. சார் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். அக்கா பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார்.

“எத்தனையோ ஊரு பாத்துட்டோம் கண்ணு. அங்கோர் போனோம், போரோபுதூர் போனோம், நம்ம ஹம்பிக்கு ரெண்டு தடவ. எங்க போனாலும் ராசா பேருதானுங்க இருக்குது. கல்லுச் சொமந்தவன் பேரு ஒண்ணாச்சும் இருக்குதா? உங்ககிட்ட பேரு எழுதின புஸ்தகம் இருக்குதுன்னு போட்டிருந்தீங்களே, அதுக்காவத்தான் இவர இழுத்துட்டு வந்தேன்.”

எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் அந்தப் பெயர்களை ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அவை அட்டையில் எழுதும் பெயர்கள், அவ்வளவுதான்.

“எத்தன பேரு வாசிப்பீங்க?” என்று கேட்டார்.

“வந்திருக்கிறவங்களுக்கு மட்டுந்தாங்க்கா. இன்னிக்கி ரெண்டு பேரு.”

“அப்படி வேண்டாங் கண்ணு. எல்லாப் பேரையும் வாசிங்க. மேல இருந்து கீழ வரைக்கும், ஒண்ணுகூட விடாம. நாங்க நின்னு கேக்கறோம். யாராச்சும் ஒரு தடவையாவது வாசிக்கோணுமில்ல?”

சரி என்றேன். நல்ல மனசோடுதான் கேட்டார். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

களத்துக்குப் போனபோது நல்ல இருட்டு. பால்மரத் தொழிலாளிகள் தலையில் கட்டும் விளக்கை அவர்களுக்கும் கொடுத்து நானும் கட்டிக்கொண்டேன். செம்பனை ஓலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக மாணிக்கண்ணன் எனக்கு முன்னால் வந்து பீடி பிடித்துக்கொண்டு நிற்பார், அன்றைக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் கண்ணில் படவில்லை. பால்மரத்துப் பக்கம் கொசுவுக்குப் புகை போடப் போயிருப்பார் என்று நினைத்தேன். சார் தனக்கு அட்டை வேண்டாம், போனில் படம் பிடிக்கப் போகிறேன் என்றார். அக்காவுக்கு வீராயி என்ற பெயரைக் கொடுத்தேன். அவர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தின் நடுவில் போய் நிமிர்ந்து நின்றார்.

நான் புத்தகத்தைத் திறந்து முதல் பெயரை வாசித்தேன். “கருப்பையா.”

“இருக்கேன்யா.”

ஆண் குரல், தூக்கம் கலையாத கரகரத்த குரல். இடது பக்கம், செம்பனைக்குள்ளிருந்து வந்தது. எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது, உடனே சிரிப்பும் வந்தது. மாணிக்கண்ணன் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

“சின்னம்மா.”

“இருக்கேன்யா.” இது பெண் குரல்.

சரி, கமலா அண்ணியையும் கூட்டி வந்துவிட்டார் போலிருக்கிறது. “அங்கமுத்து” என்றேன், வேறொரு ஆண் குரல், கொஞ்சம் தள்ளி. “பழனியாயி” என்றேன், வயதான பெண், சொல்லிவிட்டு இருமினாள். ராஜசேகர் சார் என் காதருகில் வந்து, “பிரமாதமுங்க. எத்தன பேர ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் என் ஏற்பாடுதான் என்பதுபோலத் தலையாட்டினேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

“வீராயி.”

“இருக்கேனுங்கய்யா” என்று வசந்தா அக்கா ராகமாகச் சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே இடது பக்கம் போய் நின்றார். அவருடைய தலை விளக்கு வெளிச்சத்தில் செம்பனை அடிமரங்கள் தெரிந்தன. மரங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த பெயரை வாசித்தேன், அதற்கும் குரல் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. அப்போதுதான் அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, ஒரு பெண் “ஸ்ஸ், ஸ்ஸ்” என்று தட்டிக்கொடுத்தாள்.

மாணிக்கண்ணன் விளையாட்டுக்காக யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம். கைக்குழந்தையை அந்த ஈரத்தில், அந்த நேரத்தில் யார் கொடுத்து அனுப்புவார்கள்?

என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தேன்.

“தங்கச்சி, மோட்டோ பஞ்சர் லா. லுக்குட் சந்தியில நிக்கிறேன். கூட்டாளி ஒருத்தன் மோட்டோ தரேன்னான், இப்ப வந்துருவேன். நீ பெரட்ட கொஞ்சம் இழுத்துப் புடி.”

“அண்ணே, நீங்க இங்க இல்லையா?”

“அலாமாக், இப்பத்தானே சொன்னேன்.”

“அண்ணி?”

“அவ தூங்குறா. ஏன்?”

நான் போனைக் கீழே இறக்கினேன். அவர் “ஹலோ, ஹலோ” என்பது கேட்டுக்கொண்டே இருந்தது. களத்தில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் நிறையப் பேர் பொறுமையாக நிற்கும்போது ஒரு அமைதி இருக்கும் பாருங்கள், மூச்சு விடுவதும் கால் மாற்றி நிற்பதுமாக, அந்த அமைதி. பிறகு இருட்டிலிருந்து ஒரு ஆள், குளிரில் நின்று சலித்துப்போன குரலில் சொன்னான்.

“மேல வாசிங்கய்யா.”

நம்பினால் நம்புங்கள், நான் வாசித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். வாசிக்காவிட்டால் அவர்கள் பக்கத்தில் வந்துவிடுவார்கள் என்று பயந்தேனோ என்னவோ. என்னை ஏன் ஐயா என்கிறார்கள் என்றுகூட அப்போது யோசனை ஓடியது. பக்கத்தின் கடைசிப் பெயர் வரை வாசித்தேன். எல்லாரும் இருந்தார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை.

கடைசிக் குரல் ஓய்ந்ததும் அடுப்புக்கரி எரியும் வாசனை வந்தது. மழையில் நனைந்த தோட்டத்தில் கரி வாசனை எங்கிருந்து வரும்? கூடவே ஒரு இன்ஜின் இருமி இருமி உயிர் பிடிக்கும் சத்தம். லாரி. விளக்கு இல்லை, ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும், செம்பனைக்குள் அவ்வளவு பக்கத்தில். பின்பக்கத் தடுப்புப் பலகையைச் சங்கிலியோடு இறக்கும் சத்தமும் கேட்டது. வசந்தா அக்கா நடக்க ஆரம்பித்தார்.

“வசந்தா, எங்க போறே?” என்று சார் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. சார் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். நானும் ஓடினேன். அக்கா மெலிந்த உடம்புக்காரர், காலை நடைக்கே மூச்சு வாங்கும் என்று காரில் சொல்லிக்கொண்டு வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தும் எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் கோபமோ பயமோ இல்லை. பஸ்ஸைத் தவறவிடப் போகிறோமே என்று பதறுகிறவள் முகம்.

“விடுங்க. எல்லாரும் ஏறிட்டாங்க. எடம் புடிச்சு வெச்சிருக்காங்க, விடுங்கன்னா.”

அவர் ஒரு காலை உயரமாகத் தூக்கினார், படியில் வைப்பதுபோல. என் கண்ணால் பார்த்தேன், அந்தக் கால் காற்றில் எதன்மேலோ ஊன்றி நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. அவர் கையை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிராணி எப்படிக் கத்துவாரோ அப்படித் தொண்டை கிழியக் கத்தினேன்.

“வீராயி வரல! வீராயி இன்னிக்கி பெரட்டுக்கு வரல!”

கத்திவிட்டு, பேனாவை எடுத்து அந்தப் பெயருக்கு நேராக, வராதவர்களுக்குப் போடும் சுழியைப் போட்டேன். தாள் கிழிந்துவிட்டது. அக்கா அப்படியே சரிந்து சார் மேல் விழுந்தார். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். லாரி இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. போகவில்லை. ஒரு ஆள் குறைகிறதே என்று காத்திருப்பதுபோல நின்றது.

நான் அன்றைக்குச் செய்த தவறு அதுதானோ என்று இன்றுவரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் விழுந்தது. மாணிக்கண்ணன். வண்டியை நிறுத்தி இறங்கி, தலைக்கவசத்தின் வாரைக் கழற்றிக்கொண்டே, “என்ன லா இது, ஏன் அக்கா கீழ உக்காந்திருக்காங்க?” என்று வந்தார். அப்போது செம்பனைக்குள்ளிருந்து ஒரு குரல். இதுவரை கேட்ட குரல்கள் மாதிரி இல்லை. ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், புத்தகத்தைப் பார்த்துப் படிக்கும் குரல்.

“மாணிக்கம்.”

“இருக்கேன்யா.”

நாற்பது வருடப் பழக்கம் அது. பெயரைக் கேட்ட அந்த நொடியிலேயே அவர் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தடுப்புப் பலகையை மூடும் சத்தம் கேட்டது. லாரி கிளம்பிப் போனது. அது போன திசையில் பாதையே கிடையாது, பெரிய கால்வாய்தான் இருக்கிறது. சத்தம் அந்தக் கால்வாய்க்கு மேலே போய்த் தேய்ந்தது.

“மகேசு, யாரு என்னக் கூப்பிட்டது? நீதானே?”

“நான் இல்லண்ணே.”

“வெளையாடாத லா.”

“ஆம்பளக் குரலுங்க அது” என்றார் ராஜசேகர் சார், தரையில் உட்கார்ந்தபடியே.

லுக்குட்டில் ஒரு கடையில் உட்காரவைத்து அவர்களுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தேன். வசந்தா அக்காவுக்குத் தான் குரல் கொடுத்து வரிசையில் நின்றது வரைதான் ஞாபகம் இருந்தது. ஏன் சேலையெல்லாம் சேறு என்று எங்களையே கேட்டார். அவர்கள் மலாக்காவுக்குப் போகவில்லை. நேராகக் கோலாலம்பூர் போய் மறுநாளே ஊருக்குப் பறந்துவிட்டார்கள். மாணிக்கண்ணன் மட்டும் ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டார். “என்ன வேல வாங்குன மண்டோரு, செத்துப்போனவன் எவனாவது என் ஞாபகமா வந்திருப்பான், விடு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

“தங்கச்சி, விடியக்காலம் முழிச்சிப் பாத்தா கீழ ரோட்டுல நிக்கிறேன். தலையில லைட்டு கட்டியிருக்கு. நான் எப்ப எந்திரிச்சேன், எப்ப படியெறங்குனேன், ஒண்ணும் தெரியல. மூணு நாளா இப்படித்தான்.”

அண்ணி கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். கோவிலுக்குக் கூட்டிப் போனோம், கையில் கயிறு கட்டினோம். சிரம்பானில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம், தூக்கத்தில் நடக்கும் வியாதி என்று மாத்திரை கொடுத்தார். நான் இன்னொரு பக்கம் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்தத் தோட்டத்தின் பழைய கிராணி ஒருவருடைய மகன் சிரம்பானில் இருப்பதாகச் சொன்னார்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நடக்க முடியாதவர். அவர் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

“இது எங்கப்பா கையெழுத்தும்மா. இந்தப் பக்கத்தயா வெச்சு வெளையாட்டுக் காட்டுன?”

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம் என்றார். ஒருநாள் பெரட்டுக்கு வந்தவர்களுக்கு அரிசி கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் வந்து நின்றார்கள், பிள்ளைக்காரிகள் பிள்ளையோடு வந்தார்கள். பெயர் வாசித்து, குரல் கொடுத்தவர்களையெல்லாம் அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு. ஒருவரும் திரும்பவில்லை. வாசித்தவர் இவருடைய அப்பா. சாகும்வரை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாராம், பெற்ற பிள்ளையைக்கூட. மாணிக்கண்ணன் குடும்பம் வெகுநாள் கழித்து வேறு தோட்டத்திலிருந்து வந்தது, அதனால் அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் தலைமையாசிரியரிடம் கரி வாசனையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளைக் கரி எரித்துத்தான் ஓட்டினார்கள் என்றார். சத்தியமாக எனக்கு அது அதற்கு முன்னால் தெரியாது. புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பெரட்டு நடந்த பதினாறாம் நாள் காலையில் கமலா அண்ணி போன் செய்தார். அவரால் பேச முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் வாங்கிச் சொன்னார். மாணிக்கண்ணனைப் புக்கிட் பெலண்டோக் சந்தியில் பஸ் நிற்கும் இடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். வேலைக்குப் போடும் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, உயிர் இல்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். இருக்கலாம். அறுபத்தாறு வயது, பீடி பிடிக்கிறவர், நான் மறுக்கவில்லை.

அவர் மடியில் ஒரு மூட்டை இருந்தது. தொலைதூரம் போகிறவன் கட்டுவதுபோல ஒரு கைலி, ஒரு போர்வை, ஒரு தட்டு. எடுப்பதற்கு முன்னால் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதைப் பிரித்துக் காட்டினார்.

“கைலி அவரோடது மகேசு. போர்வையும் தட்டும் எங்க வீட்டுதில்ல. எங்கிட்ட இப்படி ஒரு தட்டே கெடையாது. யாரு குடுத்தது?”

நசுங்கிப்போன அலுமினியத் தட்டு. நான் தொடவில்லை. அவரோடு சேர்த்து எரித்துவிடச் சொன்னேன்.

தோட்டத்து விடியலை அத்தோடு நிறுத்திவிட்டேன். வழிகாட்டி வேலையையும் விட்டு இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் கணக்கெழுதுகிறேன். என் சிப்பாய்க் கதையை மலாக்காவில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், சொல்லட்டும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து வசந்தா அக்கா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார். நன்றாக இருக்கிறேன் என்றார், உடம்பில் ஒன்றும் இல்லை, இனி எங்கேயும் பயணம் போவதாக இல்லை என்றார். மாணிக்கண்ணன் விஷயத்தைச் சொன்னேன், அழுதார். அழுது முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

“கண்ணு, எனக்கு இப்பக் கொஞ்சங் கொஞ்சமா ஞாபகம் வருது. சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். நான் வரிசையில போயி நின்னனா, அப்போ பக்கத்துல ஒரு பொண்ணு இருந்தா. இடுப்புல கொழந்த. மூஞ்சி தெரியல. அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டா.”

“என்னக்கா கேட்டா?”

“பேரு வாசிக்கற கிராணி புதுசா இருக்காரே, அவரு பேரென்னன்னு கேட்டா. நான் சொல்லிட்டேன் கண்ணு. காருல மாட்டியிருந்த உங்க கைடு அட்டையில முழுப் பேரும் படிச்சிருந்தேன், அப்படியே சொல்லிட்டேன். அது தப்பாயிடுச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்று சொல்லிப் போனை வைத்தேன். வேறு என்ன சொல்வது?

விழித்திருக்கும்போது எனக்குப் பயமில்லை. யார் கூப்பிட்டாலும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன், பழகிவிட்டது. தூங்கும்போது என்ன செய்ய முடியும்? வாயை என்ன பூட்டா போட முடியும்? போன வியாழக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் காப்பியை ஆற்றிக்கொண்டே, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

“விடியக்காலம் தூக்கத்துல யாருக்கு லா பதில் சொல்லிக்கிட்டிருந்த?”

“நானா? என்ன சொன்னேன்?”

“ஒரே ஒரு வார்த்த. சரியா காதுல விழல.”